மலைக்குப் போதல்

முதலாம் ஆண்டிலே புவியியல் விரிவுரை ஒன்றின்போது நிகழ்ந்த சிறு சம்பவத்தோடு இதனைத் தொடங்குதல் பொருந்தும். மத்திய மலைநாட்டின் நில அமைப்பை விளக்கிக்கொண்டிருந்த விரிவுரையாளர், திரையில் விழுந்த படத்தைச் சுட்டிக்காட்டி, "உங்களுள் ஹோட்டன் சமவெளிக்குப் போய் உலக முடிவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?" என வினவினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாணவர் பலர் கை உயர்த்தினர். மட்டக்களப்பினரும் உயர்த்தினர். பாடசாலைச் சுற்றுலாவிலே அவர்கள் அனைவரும் அங்கே போயிருந்தார்கள். நுவரெலியா மாவட்டத்திலிருந்து வந்தவன் அவ்வகுப்பில் நான் ஒருவனே. என் கை மேசைமேலேயே கிடந்தது. அருகிலிருந்த நண்பன் என்னை வியப்போடு பார்த்தான். அவன் பார்வையில் ஏளனம் எதுவும் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

எங்கள் லயம் அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டமொன்றில் உள்ளது. வாசலில் நின்று தெற்கே நோக்கினால் தேயிலை முடியும் இடமும், அதன் மேலே கருநீலமாய்க் காடு தொடங்கும் இடமும் தெளிவாகத் தெரியும். அந்தக் காட்டின் உச்சியிலேதான் ஹோட்டன் சமவெளி பரந்து கிடக்கிறது. சமவெளியின் விளிம்பில் எழும் கிரிகல்பொத்த மலையின் உயரம் ஏறத்தாழ 2,390 மீற்றர். பொதுமக்கள் நடந்து ஏறக்கூடிய இலங்கை மலைகளுள் அதுவே உயர்ந்தது என்பர். இவையெல்லாம் நான் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அறிந்துகொண்ட விடயங்கள். எங்கள் லயத்தில் அதற்குத் தனிப்பெயர் இல்லை. 'மேக்காடு' என்பார்கள். மேக்காட்டில் முகில் இறங்கினால் கம்பளியை எடுத்துவை என்பது அம்மா எனக்குக் கற்பித்த வானிலை அறிவியல். அதற்கு மேல் அந்தக் காட்டோடு எங்களுக்கு வேறு தொடர்பு இருந்ததில்லை.

அவ்வாண்டு விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது அம்மாவிடம், "அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவோமா?" என்று கேட்டேன். கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்த அவர் நிமிர்ந்து பார்த்து, "ஞாயித்துக்கெழம மலையில என்னா வேல தம்பி? கைக்காசா?" என்றார்.

இவ்விடத்தில் தோட்டத்தை அறியாத வாசகர்களுக்குச் சிறு விளக்கம் தேவை. எம்மவர் வழக்கிலே மலை என்றால் தேயிலை நட்ட நிலத்துண்டு. நாலாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை எனத் தோட்டம் பகுக்கப்பட்டிருக்கும். 'மலைக்குப் போகிறேன்' என்றால் 'வேலைக்குப் போகிறேன்' என்பதே பொருள். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் பதிந்து மலைக்குப் போவார்கள். குறித்த நிறை கொழுந்து சேராவிட்டால் அரைப்பேர் விழும். ஞாயிறு போன்ற நாள்களில் கிலோ கணக்கில் பறித்து உடனே காசு பெறுவது கைக்காசு. தமிழிலக்கியம் கற்கும் நண்பர்கள் குறிஞ்சித் திணையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த மலை நினைவுக்கு வரும். குறிஞ்சியில் புணர்தலும் உண்டு, தேனும் தினையும் உண்டு. எங்கள் மலையில் நிறை மட்டுமே உண்டு. மலையைப் பார்ப்பதற்காக மலைக்குப் போவது என்ற பொருளில் அந்தத் தொடரை எங்கள் வீட்டில் எவரும் அதுவரை பயன்படுத்தியதில்லை.

உல்லாசப் பயணிகள் வருவதையும் பார்த்திருக்கிறோம். பாதையோரத்தில் வாகனத்தை நிறுத்திக் கொழுந்தெடுக்கும் பெண்களைப் படம் பிடிப்பார்கள். அம்மாவும் பல படங்களில் இருக்கக்கூடும். எந்தெந்த நாட்டுச் சுவர்களில் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறாரோ நாமறியோம். காட்சியின் ஓர் அங்கமாக இருப்பவருக்குக் காட்சியைக் காணும் எண்ணம் எளிதில் எழுவதில்லை போலும். அன்றியும், அந்தச் சிரிப்புக்கென நிறுத்தும் ஐந்து நிமிடத்தில் எத்தனை கிராம் கொழுந்து குறையும் என்பதை அவர் அறிவார்.

இத்தனைக்கும் அந்தக் காடு அங்கே இன்னமும் காடாக நிற்பதற்கும் எமது முன்னோரின் உழைப்புக்கும் ஒரு விசித்திரமான தொடர்பு உண்டு. 1820களில் தொடங்கிக் கோப்பிக்காகவும், கோப்பியை 1869 முதல் நோய் அழித்த பின்னர் தேயிலைக்காகவும், மலைக்காடுகளை வெட்டி எரித்துத் துப்புரவாக்கியதில் பெரும்பங்கு தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாகக் கொண்டுவரப்பட்ட எம்மவருக்கு உண்டு. கோடரி மேலே மேலே ஏறிற்று. 1873ஆம் ஆண்டில் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் யோசப் டால்ட்டன் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு ஆலோசனை கூறினார். அரசும் அதனைக் கொள்கையாக ஏற்றது. அந்த உயரத்துக்கு மேலேயும் தோட்டங்கள் உள்ளன என்பதை நுவரெலியாவைக் கண்ட எவரும் அறிவர். ஆயினும் எங்கள் வாசலிலிருந்து தெரியும் அந்தக் கோட்டை, தேயிலையின் பச்சை முடிந்து காட்டின் நீலம் தொடங்கும் அந்தக் கோட்டை, நான் இப்போது வேறுவிதமாகவே பார்க்கிறேன். அது கோடரி நிறுத்தப்பட்ட இடம். கோடரி பிடித்த கைகளுக்குரியவர்களும் அதனோடு அங்கேயே நின்றுவிட்டார்கள்.

கோட்டுக்கு மேலே வேட்டைக்காரர்கள் போனார்கள். 1834இல் பிரித்தானியப் படையணியின் இளம் அதிகாரிகள் இருவர் இச்சமவெளியைக் 'கண்டுபிடித்து' அக்காலத் தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயரைச் சூட்டினர் என்பது நூல்களில் காணப்படும் செய்தி. சிங்கள மக்கள் அதற்கு முன்னரே மஹா எலிய என்று அதனை அழைத்துவந்தனர் என்பதால், கண்டுபிடித்தல் என்ற சொல்லை மேற்கோட் குறிகளுக்குள் இடுதலே முறை. சாமுவேல் பேக்கர் போன்றோர் யானைகளையும் மரைகளையும் வேட்டையாடினர். யானைகள் அங்கிருந்து அற்றுப்போயின. பேக்கரின் பெயரை ஒரு நீர்வீழ்ச்சி தாங்கி நிற்கிறது. ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரிலமைந்த 'ஃபார் இன்' என்னும் வேட்டை விடுதி இன்று பார்வையாளர் நிலையமாகியுள்ளது. 1969இல் ஒதுக்ககமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட இந்த 3,160 ஹெக்டேயர் நிலம், 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெருநதிகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. எங்கள் லயத்தின் கீழே ஓடும் ஆக்ரா ஓயா அவ்வுயரத்தில் ஊறி, கொத்மலை ஓயாவோடு கலந்து, மகாவலியாகிப் பேராதனையில் எமது விடுதிகளுக்கு அப்பால் ஓடுகிறது. நான் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னரே எங்கள் ஊர்த் தண்ணீர் அங்கு வந்து சேர்ந்திருந்தது.

இவற்றையெல்லாம் நூலகத்தில் படித்து ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். 2024ஆம் ஆண்டு தை மாதத்தில் அதே கொப்பியின் பின்பக்கத்தில் பயணத் திட்டம் தொடங்கிற்று. திட்டமிடுதல் என்பது எத்துணைக் கடினமானது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். சமவெளிக்குப் போவோர் அனைவரும் முதலில் அறிந்துகொள்வது நேரத்தைப் பற்றித்தான். வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். ஒன்பது, பத்து மணியளவில் பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறிவந்து உலக முடிவை மூடிவிடும். அதன்பின் 850 மீற்றருக்கு மேற்பட்ட பாறைச் சரிவின் விளிம்பில் நின்றாலும் வெள்ளைத் திரை ஒன்றே எஞ்சும். ஆகையால் ஆறு மணிக்கு வாயிலில் நிற்க வேண்டும்.

தலவாக்கலையில் புகையிரதம் ஏறிப் பட்டிப்பொலவில் இறங்குவது எனது முதல் எண்ணம். நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம் அது. ஏறத்தாழ 1,900 மீற்றர். அதற்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தின் ஒருபுறம் மழையும் மறுபுறம் வெயிலுமாக இருக்கும் என்று பயணம் செய்தோர் கூறுவர். ஆனால் பகல் வண்டிகள் அங்கு போய்ச் சேரும் வேளையில் முகிலும் ஏறிவிடும். நிலையத்திலிருந்து சமவெளிக்கு ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் மேலும் ஏற வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து, டயகம வழியே காட்டினூடாக ஒரு நடைபாதை உண்டு என்று முதியோர் சொல்வார்கள். எனினும் அம்மாவை அவ்வழியே அழைத்துச் செல்வது பற்றி நான் ஒரு கணமும் எண்ணவில்லை. எஞ்சியது வான். குறுக்குப் பாதையால் இருட்டில் வர வான்காரர் மறுத்துவிட்டார். தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, அம்பேவெல என்று சுற்றி, மூன்று மணித்தியாலம் ஓட வேண்டும் என்றார். வாசலில் நின்று பார்க்கும் மலையின் முதுகில் ஏறுவதற்கு மாவட்டத்தைப் பாதி சுற்ற வேண்டியிருந்தது.

வான் வாடகை 18,000 ரூபா. அம்மா அப்போது பெற்ற நாட் சம்பளம் 1,000 ரூபா. 2021 தொடக்கம் அதுவே நடைமுறையில் இருந்தது. கணக்கு மிக எளிது. பதினெட்டு நாள் மலைக்குப் போனால் ஒரு நாள் மலைக்குப் போகலாம். உள்நாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் பெரிதன்று. வெளிநாட்டவரிடம் பன்மடங்கு பெறுவார்கள். தடையாக நின்றது வாயில் அன்று, வாயிலுக்குப் போகும் வழியே. யாழ்ப்பாணத்து நண்பனும் மட்டக்களப்பு நண்பனும் வாடகையில் பாதியைத் தாம் ஏற்பதாகச் சொன்னபோது நான் இரண்டு நாள் மறுத்து மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டேன். அந்த இரண்டு நாள் மறுப்பைப் பற்றி இன்று எண்ணினால் சிரிப்பு வருகிறது.

அம்மா வருவதாக முதலில் ஒப்புக்கொள்ளவேயில்லை. "அங்க கோயில் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சிவனொளிபாத மலைக்கு அவர் மூன்று முறை போயிருக்கிறார். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமிவரை நீளும் யாத்திரைக் காலத்தில், லயத்தவர் கூட்டாக லொறி பிடித்து மஸ்கெலியாப் பக்கம் போய் இரவிரவாகப் படி ஏறுவார்கள். வேலையல்லாத காரணத்துக்காக எம்மவர் ஏறும் மலை அது ஒன்றுதான். அதற்கும் சாமி என்றொரு நியாயம் வேண்டியிருக்கிறது. நேர்த்தியும் இல்லாமல் கூலியும் இல்லாமல் எதற்கு ஒருவர் மலை ஏற வேண்டும் என்பது அவருக்குப் புரியவில்லை. நானும் சரியான விடை சொல்லவில்லை. கடைசியில், "நம்ம ஆத்துத் தண்ணி தொடங்குற எடம் அம்மா" என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாறேன்" என்றார்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றைக் குறித்தோம். ஆண்டின் முதல் மூன்று மாதங்களே அங்கு வானம் தெளிந்திருக்கும் காலம். அதிகாலையில் புல்லில் உறைபனியும் விழும். குறித்த நாளுக்கு ஒன்பது நாளுக்கு முன்பு அம்மா மலையில் வழுக்கிக் கானுக்குள் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் முழங்கால் பெரிதாக வீங்கிற்று. ஆறு நாள் பேர் விழவில்லை. உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி இரண்டையும் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். வான்காரருக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொன்னேன். அம்மாவுக்கு வலியைவிட நண்பர்களிடம் நான் என்ன சொல்வேன் என்பதே பெரிய கவலையாக இருந்தது.

தவறவிட்ட பருவம் இலேசில் திரும்பி வருவதில்லை. சித்திரை கழிந்தால் மழை தொடங்கும். பின்னர் தென்மேற்குப் பருவக்காற்று அந்த மேட்டை மாதக்கணக்காக அறைந்துகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் மழை. எனவே அடுத்த தைவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் நண்பன் ஒருவன் புதிய யோசனை ஒன்று சொன்னான். குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த நெலு என்னும் செடி, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அச்சமவெளியில் திரண்டு பூக்கும். 2013இல் பூத்தது, ஆகவே 2025இல் பூக்கும். அதற்காகக் காத்திருப்போம் என்றான். அம்மாவிடம் கேட்டேன். "பூவு பன்னெண்டு வருசம் பொறுக்கும், என் காலு பொறுக்காது" என்றார். தையிலேயே போவதென முடிவாயிற்று.

அந்தக் காத்திருப்பின்போதுதான் அம்மா பழைய கதைகளைச் சொல்லத் தொடங்கினார். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குப் போன பெரிய தாத்தாவின் குடும்பம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் குடியேறிற்று. போய்ச் சேர்ந்து எழுதிய முதற் கடிதத்தில், இங்கேயும் தேயிலைதான், இங்கேயும் மேலே காடுதான் என்று எழுதியிருந்தாராம். தாவரவியல் நண்பரொருவர் பின்னர் எனக்கு விளக்கினார்: நீலகிரியின் புல்வெளியும் சோலைக்காடும் ஹோட்டன் சமவெளியின் புல்வெளியும் காடும் தோற்றத்தில் உடன்பிறந்தவை போன்றவை, செந்நிறப் பூப் பூக்கும் ரொடொடென்ட்ரன் மரம் இரு மலைகளிலும் உண்டு. கப்பலேறிப் போனவர்கள் அந்த மரத்தை அங்கே பார்த்திருப்பார்கள். இங்கே பார்த்திருக்க மாட்டார்கள்.

2025 தையில் இரண்டாவது திட்டம் முதலாவதைவிட எளிதாக அமைந்தது. நாட் சம்பளம் முந்திய ஆண்டின் புரட்டாதியில் 1,350 ரூபாவாகியிருந்தது; வாடகையும் சும்மா இருக்கவில்லை, அது வேறு கதை. வட்டப் பாதையைக் கைவிட்டு உலக முடிவுவரை மட்டும் போய் அதே வழியால் திரும்புவதென்றும், அம்மா எங்கே சொன்னாலும் அங்கே அமர்வதென்றும் முடிவு செய்தோம். வாயிலில் பொலித்தீன் பைகளை அனுமதிக்கமாட்டார்கள் என்பதை நான் சொன்னதும், ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் கழுவிக் காயவைத்த கொழுந்துச் சாக்குத் துணியில் அம்மா கட்டினார். சேலை முந்தானையில் முடிந்திருந்த கற்பூரத்தை நான் கண்டு, காட்டுக்குள் நெருப்பு ஏற்றக்கூடாது என்றேன். "ஏத்தல. கொண்டுபோறேன்" என்றார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. இரண்டு மணிக்கு அடுப்பு எரிந்தது.

பயணத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. சமவெளியின் வருணனைகள் பலரால் எழுதப்பட்டுள்ளன. வாயிலைக் கடந்ததும் மரைகள் மனிதரை அஞ்சாது புல்மேய்ந்துகொண்டிருந்தன. பனி மூடிய புல் வெள்ளியாய் மின்னிற்று. வழியில் குறுக்கிட்ட ஓடையொன்றில் அம்மா இறங்கி, குளிரில் கை விறைக்க நீரை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டார். அது எங்கள் ஆற்றுக்குப் போகும் ஓடையன்று, தெற்கே பெலிகுல் ஓயாவுக்கு இறங்குவது என்பது எனக்குத் தெரியும். புவியியலை அவ்விடத்தில் நான் எடுத்துச் சொல்லவில்லை. நண்பர்கள் முன்னே போயினர். நாங்கள் இருவரும் நான்கு இடங்களில் அமர்ந்து அமர்ந்து எட்டரை மணியளவில் உலக முடிவை அடைந்தோம்.

முகில் ஏறத் தொடங்கியிருந்தது. எனினும் இடையிடையே விலகிற்று. அப்படி விலகிய ஒரு பொழுதில், நேர் கீழே, மிக ஆழத்தில், வரிசை பிடித்த பச்சையும் அதன் நடுவே தகரக் கூரைகளும் தெரிந்தன. வந்திருந்தவர்கள் தொலைவிலுள்ள நீர்த்தேக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடல் தெரிகிறதா என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்தார். "அது லயந்தானே?" என்று கேட்டார். ஆம், தோட்டம் என்றேன். விரலை மடக்கிக் காம்பராக்களை எண்ண முயன்றார். எண்ணி முடிப்பதற்குள் முகில் மூடிற்று. "அங்க உள்ளவங்க இங்க வந்து பாத்திருப்பாங்களா தம்பி?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முகில் மீண்டும் விலகுமென்று அரை மணித்தியாலம் காத்திருந்தோம். விலகவில்லை. ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் திங்கட்கிழமை. முழங்கால் வலியால் அம்மா பெரட்டுக்குப் போகவில்லை. ஒரு நாள் பேர் போயிற்று. மாலையில் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த அடுத்த காம்பரா அக்கா, நேற்று முழுதும் வீடு பூட்டிக் கிடந்ததே, எங்கே போயிருந்தீர்கள் என்று விசாரித்தார்.

"மலைக்குப் போயிட்டு வந்தோம்" என்றார் அம்மா.

"ஞாயித்துக்கெழமயா? எத்தனாம் நம்பரு?" என்று கேட்டார் அக்கா, குடத்தை நிமிர்த்தியபடி.